ஹெட் போர்ட்டிங்குக்குப் பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

போர்ட்டிங் என்பது சிலிண்டர் ஹெட்டில் காற்று உள்ளே வரும் (இன்டேக்), புகை வெளியேறும் (எக்ஸாஸ்ட்) வழிகளான போர்ட்டுகளைத் தேய்த்துத் திறக்கும் வேலை. பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் ஒரு ஹெட் பெரும்பாலும் மூன்று கைகள் மாறித்தான் காருக்குத் திரும்புகிறது. கிரைண்டரைப் பிடித்துப் போர்ட்டைத் திறப்பது ஊர்ப் பட்டறை. வால்வ் சீட் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்) வெட்டுவதும் ஹெட் முகத்தைச் சீவுவதும் ஈப்போ மெஷின் கடை. லேப்டாப்பை மாட்டி டியூன் செய்பவர் இன்னொருவர். சீட் எவ்வளவு உள்ளே இறங்கியது என்பது போமனுக்கு (ஊர்ப் பட்டறை மெக்கானிக்குக்கு) தெரியாது. முகத்தில் எத்தனை மி.மீ. போனது என்பதை டியூனரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போர்ட்டிங்குக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்தக் கைமாற்றத்தில் பிறக்கிறது. ஆனால் பழி முதலில் போர்ட்டின் வடிவத்தின் மேல்தான் விழும். "இன்னும் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும்" என்று ஹெட் மறுபடி மேசைக்கு வரும். வெட்டி எடுத்த அலுமினியத்தைத் திரும்ப வைப்பது எளிதல்ல. எனவே கிரைண்டர் கடைசியில் வரட்டும், அளவுகள் முதலில் வரட்டும்.

புரோட்டோன் சத்ரியா, வீராவில் உள்ள 4ஜி15, 4ஜி92, 4ஜி93, ஹாஃப்கட்டாக (பாதியாக வெட்டிய பழைய காராக) வந்து இறங்கும் 4ஜி93 டர்போ, ஹோண்டா பி16ஏ, மைவியின் கே3-விஇ, கேம்ப்ரோ எனப் பட்டறைகளில் அதிகம் பார்க்கும் எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் கீழே உள்ளவை பொருந்தும். ஒரு எஞ்சினுக்கே உரிய போல்ட் இறுக்கும் டார்க், வால்வ் இடைவெளி போன்ற எண்களை மட்டும் அதன் சர்வீஸ் புத்தகத்திலிருந்து எடுங்கள்.

ஹெட்டைக் கழற்றும் முன்

நான்கு சோதனைகள். இவற்றைச் செய்யாமல் எந்த அறிகுறிக்கும் மருந்து சொல்ல முடியாது.

முதலில் காம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ப்ளக்கையும் கழற்றி, பெட்ரோல் பாயாமல் நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுங்கள். சிலிண்டர்களுக்குள் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நான்கும் ஒரே அளவாகக் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ, சேம்பர் (கலவை எரியும் அறை) கொள்ளளவு மாறியிருக்கிறது அல்லது கேம் டைமிங் (வால்வ்கள் திறந்து மூடும் நேரம்) நகர்ந்திருக்கிறது.

அடுத்தது லீக்டவுன். பிஸ்டனை காம்ப்ரஷன் முடிவில் நிறுத்தி, ஏறக்குறைய 7 பார் காற்றை விட்டு எத்தனை விழுக்காடு கசிகிறது என்று பாருங்கள். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் காதை வைத்துக் கேளுங்கள். த்ராட்டிலில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வ், புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், எண்ணெய் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்டோ வெடிப்போ.

மூன்றாவது வேக்கம் மீட்டர். கம்பெனி கேம் போட்ட, டர்போ இல்லாத எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். முள் ஒரே சீராகத் துடித்து விழுந்தால் ஒரு வால்வ் உட்காரவில்லை. முள் ஆடாமல் தாழ்வாக நின்றால் கேம் பின்தங்கியிருக்கலாம், அல்லது ஹெட்டோடு சேரும் குழாயான மேனிஃபோல்டு வழியாகக் காற்று புகலாம்.

நான்காவது கேம் டைமிங். குறியோடு குறி சேர்ந்திருப்பது மட்டும் போதாது. ஹெட் முகத்தைச் சீவினால் கேம் கிராங்க்கை நோக்கி இறங்கும், கேம் பின்தங்கும். பெல்ட் எஞ்சின்களில் 0.5 மி.மீ. சீவலுக்கு ஏறக்குறைய ஒரு கிராங்க் டிகிரி போகும். பல் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஒரு பல் இதைவிடப் பல மடங்கு பெரியது. அட்ஜஸ்டபிள் கேம் புல்லி வேண்டும்.

"அண்ணே, கீழ இழுக்கவே இல்ல, 4000க்கு மேலதான் உயிர் வருது"

டர்போ இல்லாத எஞ்சின்களில் அதிகம் கேட்கும் புகார் இது. ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் ஏற்றத்தில் நான்காவது கியரில் 2500இலிருந்து மிதித்தால் உடனே தெரிந்துவிடும். கேம் டைமிங்கும் காம்ப்ரஷனும் சரியாக இருந்து, வேக்கம் கசிவும் இல்லை என்றால், இங்கே போர்ட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் கணக்கோடு.

காற்றின் வேகத்தைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். பிஸ்டனின் சராசரி வேகத்தை போர் (சிலிண்டரின் உள்விட்டம்) பரப்பால் பெருக்கி, போர்ட்டின் மிகக் குறுகிய இடத்தின் பரப்பால் வகுத்தால் போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் வரும். 81 மி.மீ. போர், 77.5 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள 1600 சி.சி. 4ஜி92ஐ எடுத்துக்கொள்வோம். 7000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18 மீட்டர். போர் பரப்பு 51.5 ச.செ.மீ. ஒரு சிலிண்டருக்கான இன்டேக் போர்ட்டின் குறுகிய இடம் 12 ச.செ.மீ. என்றால் காற்று சராசரியாக விநாடிக்கு 77 மீட்டரில் ஓடும். அதே போர்ட்டை 16 ஆக்கினால் 58 மீட்டர்தான். 4000 ஆர்.பி.எம்.மில் இந்த வேகம் 44இலிருந்து 33க்கு இறங்கும். தினமும் ஓட்டும் காருக்கு, உச்ச சக்தி வரும் ஆர்.பி.எம்.மில் 70க்கு மேல் வருவதை வைத்துக்கொண்டால் கீழே இழுவை மிச்சமிருக்கும்.

வேகம் ஏன் முக்கியம்? இன்டேக் வால்வ் மூடுவதற்குள் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்திலும் காற்றை உள்ளே தள்ளுவது அதன் ஓட்ட வேகம்தான். வேகம் குறைந்தால் நிரம்பிய காற்றின் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போகிறது. காற்றோட்டத்தை அளக்கும் கருவியான ஃப்ளோ பெஞ்ச்சில் வால்வ் அசையாமல் திறந்தே நிற்கும். அதனால் 28 அங்குல நீரழுத்தத்தில் பெரிய எண் காட்டிய போர்ட், சாலையில் செத்துக் கிடக்கலாம். பெஞ்ச் எண்ணை மட்டும் வைத்து போர்ட்டின் தரத்தைத் தீர்மானிப்பது இதனால்தான் தவறாகப் போகிறது.

குறுகிய பரப்பை அளக்க, வால்வைப் போட்டு, போர்ட்டுக்குள் லேசாக எண்ணெய் தடவி, அச்செடுக்கும் சிலிகான் ஊற்றுங்கள். இறுகியதும் இழுத்தெடுத்து, பல இடங்களில் குறுக்கே வெட்டி, வரைதாளில் வைத்துப் பரப்பை எண்ணுங்கள். போர்ட் கொள்ளளவை பியூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அளக்கலாம். ஒரு போர்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் 1 சி.சி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

பரப்பு சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கேஸ்கெட் அளவுக்கு வாயை மட்டும் திறந்து, 10, 15 மி.மீ. உள்ளே போனதும் பழைய அளவுக்கே விட்டது. காற்று அங்கே விரிந்து வேகம் இழந்து, மறுபடி சுருங்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்குத் திறக்காமலே விட்டிருக்கலாம். இரண்டு, மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில் படி. இன்டேக்கில் மேனிஃபோல்டு வாய் சற்றுச் சிறியதாகவும் ஹெட் வாய் சற்றுப் பெரியதாகவும் இருந்தால் கெடுதல் குறைவு. தலைகீழாக இருந்தால் காற்று விளிம்பில் மோதும். மூன்று, உள்வளைவு. போர்ட்டின் தரை வளைந்து சீட்டுக்கு இறங்கும் குறுகிய பக்கம் அது. தரையைத் தாழ்த்தியதால் இந்த வளைவு கூராகிவிட்டால், காற்று அதை ஒட்டித் திரும்ப முடியாமல் பிரிந்து, வால்வின் எதிர்ப்பக்கமாக மட்டும் பாயும். போர்ட் பெரிதாகிறது, ஆனால் பயன்படும் பகுதி சிறிதாகிறது. போர்ட்டிங்கில் கெட்டுப்போகும் ஹெட்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன. புதிதாகக் கற்பவர்கள் உள்வளைவின் கூர்மையை மட்டும் தேய்த்து உருட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. உயரத்தைத் தொட வேண்டாம். பலன் அதிகம் தரும் இடம் சீட்டுக்கு அடியில் உள்ள கிண்ணப் பகுதியும், வால்வ் தண்டு ஓடும் குழலான கைடைச் சுற்றியுள்ள மேடும்தான்.

பெரிதாகிப் போன இன்டேக் போர்ட்டை மீட்க வழி உண்டு. தரையை 36 எண் உப்புத்தாளால் முரடாக்கி, அசிட்டோன் கொண்டு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பெட்ரோலுக்குக் கரையாத உலோக எபாக்ஸியைத் தரையில் நிரப்பி, முழுதாக இறுகியபின் வடிவம் கொடுக்கலாம். எக்ஸாஸ்ட்டில் இதைச் செய்யவே கூடாது, சூட்டில் நிற்காது. எபாக்ஸி உரிந்து சிலிண்டருக்குள் போனால் எஞ்சினே போய்விடும். அதனால் ஒட்டுவதில் நம்பிக்கை இல்லையென்றால் வேறொரு ஹெட் தேடுவதே மலிவு.

உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்த்ததால் குறையா என்று பலர் கேட்பார்கள். இன்டேக்கில் 60 முதல் 80 எண் முடிவு போதும். பளபளப்பால் காற்று கூடுதலாகப் போவதில்லை. எக்ஸாஸ்ட்டில் 120க்கு மேல் மென்மையாக்கினால் கரி ஒட்டுவது குறையும், அவ்வளவுதான்.

"காலைல நல்லா இருக்கு, சூடானதும் ஐடில் ஆடுது"

போர்ட்டுக்கும் இதற்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை. சீட் வெட்டும்போது வால்வ் 0.3 மி.மீ. உள்ளே இறங்கினால், அதன் தண்டு மறுபக்கம் அதே 0.3 மி.மீ. மேலே எழும். கேம் நேராக வால்வ் தலைமேல் உள்ள கிண்ணத்தை அழுத்தும் பக்கெட் வகை எஞ்சினில் அது வால்வ் இடைவெளியை அப்படியே தின்றுவிடும். குளிரில் மெல்லிய இடைவெளி இருக்கும், வால்வ் சூடாகி நீண்டதும் அதுவும் போய், வால்வ் முழுதாக மூடாது. காம்ப்ரஷன் குளிரில் நன்றாகவும் சூட்டில் குறைவாகவும் இருந்தால் இதுதான். இப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்துபோகும். அது தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது.

பி16ஏ, 4ஜி92 மிவெக் போன்ற திருகு வகையில் இடைவெளி வைத்துவிட்டால் முடிந்தது. பக்கெட் வகையில் அளந்து பக்கெட்டையோ ஷிம்மையோ (அளவுத் தகடு) மாற்ற வேண்டும். கிடைக்காவிட்டால் தண்டு நுனியை மெஷின் கடையில் மிகக் குறைவாகச் சீவலாம். நுனியில் உள்ள கடினப் பூச்சு தாண்டிப் போகக்கூடாது. 4ஜி93 டாக் (இரட்டை கேம்) போன்ற ஹைட்ராலிக் வகை தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்த அட்ஜஸ்டரின் பயணம் தீர்ந்துவிட்டால் அங்கும் இதே கதைதான்.

இடைவெளி சரியாக இருந்து லீக்டவுன் மோசமென்றால் சீட்டைப் பாருங்கள். மார்க்கிங் நீலம் தடவி வால்வை அழுத்தி எடுத்தால் முழு வட்டம் பதிய வேண்டும். அகலம் இன்டேக்கில் 1.0 முதல் 1.2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.4 முதல் 1.6. டர்போவில் எக்ஸாஸ்ட்டை இன்னும் சற்று அகலமாகவே விடுங்கள். கிண்ணத்தின் தொண்டை வால்வ் விட்டத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். 33 மி.மீ. வால்வுக்கு 29 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டித் திறந்தால் 45 டிகிரி சீட்டுக்குக் கீழே 60 டிகிரி வெட்டு உட்கார இடமிருக்காது.

சீட் முதலில் நன்றாக இருந்து சில மாதங்களில் இன்டேக் வால்வ் கசியத் தொடங்கினால், மெஷின் கடையைக் குறை சொல்லும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டு எண்ணெயில்லாமல் விட்டால், உள்ளே போகும் தூசி சீட்டையும் கைடையும் ரிங்கையும் சேர்த்தே தின்னும். பெட்டியோடு உள்ள பழைய ஃபில்டருக்கே திரும்புங்கள்.

"ஏத்தத்துல நாக் அடிக்குது"

நாக் என்பது சிலிண்டருக்குள் கலவை தானாக வெடித்து எழும் தட்டல். இங்கே அவசரம் வேண்டும். இதோடு ஓட்டிக்கொண்டே காரணம் தேடாதீர்கள்.

டர்போ எஞ்சினில் முதல் சந்தேகம் பெட்ரோல் போதாமை. போர்ட்டிங் சரியாகச் செய்திருந்தால் சிலிண்டருக்குள் முன்பைவிட அதிகக் காற்று போகிறது. காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள பழைய மிட்சுபிஷி டர்போக்கள் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டிவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் பி16ஏ, கேம்ப்ரோ, இன்னும் பல தனி ஈசியுக்களுக்கு (எஞ்சின் கம்ப்யூட்டர்) இது தெரியாது. அதே அழுத்தத்தில் காற்று கூடியிருக்கும், பெட்ரோல் பழைய மேப்பிலேயே பாயும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் அதைச் சரிக்கட்டிவிடுவதால் ஒன்றும் தெரியாது. முழுக்க மிதிக்கும்போது அந்தத் திருத்தம் வேலை செய்யாது, கலவை மெலிந்துவிடும். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மாட்டிப் பாருங்கள். முழுச் சுமையில் டர்போ இல்லாததற்கு 12.6 முதல் 13.0, டர்போவுக்கு 11.3 முதல் 11.8 வரை இருக்க வேண்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் மேப் திருத்திப் பயனில்லை, பெரிய இன்ஜெக்டர் வேண்டும். பம்ப் அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். போர்ட் செய்த ஹெட்டைப் பழைய மேப்பில் ஓட்டக்கூடாது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பட்டறையின் கடமை.

கலவை சரியென்றால் காம்ப்ரஷன் விகிதம். 1600 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டர் 400 சி.சி. விகிதம் 10 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்சமிருப்பது 44.4 சி.சி. சேம்பர் வாயின் பரப்பு 45 ச.செ.மீ. உள்ள ஹெட்டை 0.5 மி.மீ. சீவினால் 2.2 சி.சி. போய்விடும், விகிதம் 10.5ஐ நெருங்கும். மாறாக, வால்வைச் சுற்றிய சுவரைத் தேய்த்து 2 சி.சி. எடுத்தால் 9.6க்கு இறங்கும், மந்தமாகும். இரண்டையும் செய்திருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே அக்ரிலிக் தட்டை வைத்து ஒவ்வொரு சேம்பரையும் அளந்து பாருங்கள். நான்குக்கும் வித்தியாசம் 0.5 சி.சி.க்குள் இருக்க வேண்டும். மிட்சுபிஷி புத்தகம் ஹெட்டும் பிளாக்கும் சேர்த்து 0.2 மி.மீ. வரைதான் சீவ விடுகிறது. அதற்கு மேல் போனவர்கள் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள தூரத்தை உருவம் பிடிக்கும் களிமாவு வைத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

ஒரு எளிய பிரித்தறியும் வழி: ரோன் 95 பெட்ரோலைத் தீர்த்துவிட்டு ரோன் 97 நிரப்பி அதே ஏற்றத்தில் மென்மையாகச் சோதியுங்கள். நாக் தெளிவாகக் குறைந்தால் காம்ப்ரஷனையும் இக்னிஷனையும் நோக்கிப் போங்கள். கொஞ்சமும் மாறாவிட்டால் சேம்பருக்குள் எங்கோ ஒரு கூரான விளிம்பு சிவந்து நிற்கக்கூடும். சீட் வெட்டியபின் சேம்பரோடு சேரும் இடத்தில் நிற்கும் கத்தி விளிம்பு, நீளம் தவறி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ப்ளக்கின் மரை, இவை இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். ப்ளக் பீங்கானில் மிளகுத்தூள்போல் கறுப்பு, வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் நாக் நடந்திருக்கிறது. விளிம்புகளை உருட்டிவிடுங்கள்.

நன்றாக எரியும் சேம்பருக்கு முன்பளவு அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டிக் கொடுப்பது) தேவைப்படாது. பழைய டைமிங்கிலிருந்து 2 டிகிரி குறைத்து, அங்கிருந்து சக்தியை அளக்கும் டைனோவில் மேலே போகலாம்.

டர்போ லேட்டாக வருவதும், பூஸ்ட் நிற்காமல் ஏறுவதும்

இரண்டும் எதிரெதிரானவை, ஆனால் இரண்டுக்கும் வேர் எக்ஸாஸ்ட் பக்கம்.

500 ஆர்.பி.எம். தாமதமாக டர்போ வந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வேக்கம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயில் வைத்து, மேனிஃபோல்டு, டர்போ கேஸ்கெட் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். மேனிஃபோல்டு முகத்தைச் சீவாமல் பழைய கேஸ்கெட்டோடு பூட்டிய இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கசிவு இல்லையென்றால், கேம் பின்தங்கியதா என்று மறுபடி பாருங்கள். அதற்கும் பிறகுதான் எக்ஸாஸ்ட் போர்ட் பெரிதாகிவிட்டது என்ற முடிவுக்கு வரலாம். டர்போவைச் சுழற்றுவது புகையின் வேகமும் சூடும். போர்ட் விரிந்தால் இரண்டும் வழியிலேயே குறையும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் தரையைத் தாழ்த்தாதீர்கள், மேற்கூரையையும் கைடு மேட்டையும் மட்டும் சீராக்குங்கள். இணைப்பில் ஹெட் வாய் சிறியதாகவும் மேனிஃபோல்டு வாய் சற்றுப் பெரியதாகவும் இருக்கட்டும்.

பூஸ்ட் 0.8 பாரில் நிற்க வேண்டியது மேல் ஆர்.பி.எம்.மில் 1.0, 1.1 என்று ஏறிக்கொண்டே போனால், போர்ட்டிங் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, மிஞ்சிய புகையை டர்போவைச் சுற்றி விடும் கதவான வேஸ்ட்கேட்டுக்குத்தான் அவ்வளவு புகையை வெளியே விட வழியில்லை. ஆக்சுவேட்டர் குழாய் கழன்றதா, கேட் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, டர்போ வீட்டினுள் உள்ள வேஸ்ட்கேட் துளையைக் கதவு மூடும் அளவுக்குள் பெரிதாக்குங்கள், புகை திரும்பும் பக்கத்தை உருட்டிவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் வெளி வேஸ்ட்கேட். ஈசியுவில் பூஸ்ட் கட் வைக்காமல் இந்த வண்டியைச் சாலையில் விடவேண்டாம்.

மேலே போகப் போக பூஸ்ட் முன்பைவிடக் குறைவாகக் காட்டி, ஆனால் வண்டி முன்பைவிட வேகமாக ஓடினால் கோளாறு தேடாதீர்கள். பூஸ்ட் என்பது காற்று உள்ளே போக முடியாமல் தேங்கும் அழுத்தம். சிறிய டர்போ தன் எல்லையைத் தொட்டிருக்கிறது, திறந்த ஹெட் காற்றை விழுங்கிவிடுகிறது.

"தண்ணி குறையுது, எங்கயும் ஒழுகல"

ஒரு சிலிண்டரின் ப்ளக் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருந்து, காலை முதல் ஸ்டார்ட்டில் வெண்புகை வந்தால், கேஸ்கெட்டை மாற்றும் முன் போர்ட்டுக்குள் பாருங்கள். இன்டேக் போர்ட்டின் உள்வளைவுத் தரையிலும் கிண்ணத்தின் பக்கச் சுவரிலும் நீர் வழி மிக அருகில் ஓடுகிறது. கிரைண்டர் அதை நேராகத் துளைத்திருக்காது, மெல்லியதாக்கி விட்டிருக்கும், சூட்டில் வெடித்திருக்கும். ரேடியேட்டரை மூடியின் அழுத்தத்துக்கு ஏற்றி, இன்டேக்கைக் கழற்றி, கேமராக் குழாயில் பாருங்கள். ஹெட் வெளியே இருந்தால் நீர் வழிகளை அடைத்து, சுடுநீரில் மூழ்கடித்து 2 பார் காற்று விட்டால் குமிழி இடத்தைச் சொல்லும். சுடுநீர் அவசியம், குளிரில் வெடிப்பு மூடியே இருக்கலாம்.

வெடித்த இடத்தை டிக் (TIG) வெல்டிங் செய்யலாம். எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, ஹெட்டை 150 முதல் 200 டிகிரிக்குச் சூடேற்றி, 4043 கம்பியில் அடைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அதன்பின் முகம் 0.05 மி.மீ.க்குள் நேராக இருக்கிறதா, கேம் படுக்கைகளில் கேம் கையால் சுழல்கிறதா என்று பார்த்து, சீட்டுகளை மறுபடி வெட்டியாக வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால் நல்ல பழைய ஹெட் ஒன்றின் விலையைத் தாண்டிவிடலாம். அரிய ஹெட் என்றால் மட்டும் செய்யுங்கள்.

நீலப் புகை

இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை ஒரு வீச்சு வந்தால் வால்வ் சீல் அல்லது கைடு. புதிய சீல் போட்டும் வந்தால், வால்வை நுழைக்கும்போது தண்டின் காட்டர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டு) பள்ளம் சீலின் உதட்டைக் கிழித்திருக்கும். பள்ளத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு, எண்ணெய் தடவி நுழைக்க வேண்டும். காற்றுக்கு வழிவிட கைடை போர்ட் தரைவரை சீவித் தள்ளியிருந்தால், தண்டுக்குப் பிடிப்பு குறைந்து ஆடும், சீல் நிலைக்காது. கைடு இடைவெளி இன்டேக்கில் 0.02 முதல் 0.05, எக்ஸாஸ்ட்டில் 0.05 முதல் 0.09 மி.மீ. 4ஜி63 வகைக்குச் சரி. டர்போ வண்டியில் ஐடிலில் நின்றபடியே புகைந்தால் டர்போ சீலையும் எண்ணெய் திரும்பும் குழாயையும் பாருங்கள்.

"6500க்கு மேல வெட்டுது"

கலவையும் ஸ்பார்க்கும் சரியாக இருந்தால் ஸ்பிரிங். சீட் இறங்கினால் ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடும், அழுத்தம் குறையும். மி.மீ.க்கு 30 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் 0.5 மி.மீ. தளர்ந்தால் 15 நியூட்டன் போச்சு. டர்போவில் இதோடு இன்னொன்றும் சேரும். 1 பார் பூஸ்ட், 33 மி.மீ. இன்டேக் வால்வின் முதுகில் ஏறக்குறைய 85 நியூட்டன் விசையாகத் திறக்கப் பார்க்கிறது. அடியில் ஷிம் போட்டு உயரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள், காயில்கள் முட்டாத அளவுக்கு இடம் இருக்கிறதா என்று முழு லிஃப்டில் அளந்தபின்.

ஹெட் பூட்டிய சில நாளில் டிக் டிக் சத்தம், எண்ணெய் விளக்கு

இதைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்துங்கள். போர்ட்டைத் தேய்த்த உப்புத்தாள் ரோலின் மணலும் அலுமினியத் துகளும் எண்ணெய் வழிகளில் தங்கியிருக்கின்றன. ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் அடைத்து முதலில் சத்தம் போடும். பிறகு கேம் படுக்கை கீறும், கடைசியில் கிராங்க் பேரிங் போகும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைப்பது போதவே போதாது. எண்ணெய் வழிகளின் அடைப்புத் திருகுகளை எல்லாம் கழற்றி, சுடுநீரில் சோப்புப் போட்டு, நீண்ட பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையையும் தேய்த்து, காற்றடித்து, வெள்ளைத் துணியில் எதுவும் ஒட்டாதவரை திரும்பச் செய்ய வேண்டும். உடனே எண்ணெய் தடவுங்கள், நம் ஊர் ஈரத்தில் இரும்புப் பாகங்கள் ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினை 20 நிமிடம் ஓட்டி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மின்னும் துகள் காந்தத்தில் ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒரு சில இருந்தால் இன்னொரு முறை 200 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினால் போதும். விரலால் தேய்த்தால் மணல்போல் நறநறத்தால் ஹெட்டைக் கழற்றி மறுபடி கழுவ வேண்டும். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் தன் மேற்பூச்சைத் தாண்டித் தேய்ந்துவிட்டது, ஆயில் பேனை இறக்குங்கள்.